எம்டி-07 ஆ, எஸ்வி650 ஆ: உங்கள் எடையைச் சொல்லுங்கள், அங்கிருந்து தொடங்குவோம்

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாக எழுதிக்கொள்கிறேன். மூன்று ஆண்டுகளாக 400 சிசி ஒற்றை சிலிண்டர் வண்டி ஓட்டுகிறீர்கள். அடுத்து நடுத்தர எடையில் ஒரு நேக்கட் பைக், அதாவது முன்னால் காற்றுத் தடுப்பு மூடி இல்லாத வண்டி. கைமாறும் வண்டிகளில் இரண்டைப் பார்த்து வைத்திருக்கிறீர்கள்: 2018 மாடல் யமஹா எம்டி-07, 2019 மாடல் சுசுகி எஸ்வி650. இரண்டிலும் ஏபிஎஸ் உண்டு, இரண்டும் 22,000 கிலோமீட்டரை ஒட்டி ஓடியவை, விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. தினமும் நகரத்துக்குள் 30 கிலோமீட்டர், மாதத்தில் ஒன்றிரண்டு முறை வளைவுகள் நிறைந்த மலைச்சாலை. உங்கள் உயரம் 168 சென்டிமீட்டர். எதை எடுப்பது?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் எம்டி-07. ஆனால் கையிலிருக்கும் பணம் முழுவதையும் வண்டியிலேயே போட்டுவிடாதீர்கள். ஒரு பகுதியை சஸ்பென்ஷனுக்கென்று எடுத்து வையுங்கள். எவ்வளவு எடுத்து வைக்க வேண்டும் என்பது நீங்கள் எழுதாமல் விட்ட ஒரு விவரத்தைப் பொறுத்தது: உங்கள் எடை. உயரத்தை எல்லோரும் சொல்கிறார்கள், எடையை யாரும் சொல்வதில்லை. இந்த இரண்டு வண்டிகளுக்கும் உயரத்தைவிட எடைதான் முக்கியம். அதற்குப் பிறகு வருகிறேன்.

இரண்டையும் நான் நிறைய ஓட்டியிருக்கிறேன். எம்டி-07 என்னிடம் ஆறு ஆண்டுகளாக இருக்கிறது. என் அண்ணனிடம் எஸ்வி650. மாதக்கணக்கில் வண்டியை மாற்றிக்கொண்டு ஓட்டியிருக்கிறோம், இன்றுவரை இருவரும் தத்தம் வண்டியை விட்டுக்கொடுத்ததில்லை. அந்த விவாதங்களில் நான் கற்றுக்கொண்டது ஒன்று. வண்டியின் குறைகளை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். டயர், பிரேக் பேட், ஸ்பிரிங், சீட், ஹேண்டில்பார் இவற்றில் இருக்கும் குறையைப் பணம் கொடுத்துச் சரிசெய்துவிடலாம். இன்ஜினின் குணம், மொத்த எடை, வீல்பேஸ் (இரண்டு சக்கரங்களின் மையங்களுக்கு நடுவே உள்ள தூரம்) இவற்றை எவ்வளவு செலவழித்தாலும் மாற்ற முடியாது. பத்து நிமிட டெஸ்ட் ரைடில் நம் கண்ணில் படுவதெல்லாம் பெரும்பாலும் முதல் வகைதான். பிரேக் மந்தமாக இருக்கிறது, சீட் குத்துகிறது, முன்பக்கம் ஆடுகிறது என்று வண்டியையே வேண்டாம் என்று சொல்லிவிட்டு வருவோம். மாற்ற முடியாதவற்றை வைத்து வண்டியைத் தேர்ந்தெடுங்கள். மாற்ற முடிந்தவற்றை வைத்து விலை பேசுங்கள்.

சரி, மாற்ற முடியாததில் முதலாவது இன்ஜின்.

எண்களைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். எம்டி-07 இல் 689 சிசி, சுமார் 75 பிஎஸ். எஸ்வி650 இல் 645 சிசி, 76 பிஎஸ். இரண்டும் இரட்டை சிலிண்டர், இரண்டிலும் ஆறு கியர். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் சத்தம்கூட நெருங்கி வரும், அதற்குக் காரணம் இருக்கிறது. எஸ்வி-யில் இரண்டு சிலிண்டர்களும் வி வடிவத்தில் 90 டிகிரி விரிந்து நிற்கின்றன. அதனால் ஒரு சிலிண்டர் எரிந்து 270 டிகிரி கழித்து மற்றது எரிகிறது, பிறகு 450 டிகிரி இடைவெளி. எம்டி-07 இல் சிலிண்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும், யமஹா கிராங்க் ஷாஃப்ட்டை (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டை) 270 டிகிரியில் அமைத்திருப்பதால் எரியும் இடைவெளி அச்சாக அதேதான்: 270, 450, 270, 450. யமஹாவுக்கு இது புதிதில்லை. 1995 இல் வந்த டிஆர்எக்ஸ்850 இலேயே இந்த அமைப்பைக் கொண்டுவந்துவிட்டார்கள். நீங்கள் இப்போது ஓட்டும் ஒற்றை சிலிண்டர் வண்டி 720 டிகிரிக்கு ஒருமுறைதான், அதாவது கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் ஒருமுறைதான் எரிகிறது. ஆகவே இந்த இரண்டில் எதில் ஏறினாலும் முதல் நாள் உங்களுக்கு வெண்ணெய்போலத் தோன்றும். அந்த முதல் நாள் மகிழ்ச்சியை வைத்து முடிவெடுக்க வேண்டாம், அது இரண்டுக்கும் பொது.

வித்தியாசம் வேறோர் இடத்தில் இருக்கிறது. பிஸ்டனின் குறுக்களவு எம்டி-07 இல் 80 மி.மீ., எஸ்வி-யில் 81 மி.மீ. ஏறக்குறைய ஒன்று. ஆனால் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம், எம்டி-07 இல் 68.6 மி.மீ., எஸ்வி-யில் 62.6 மி.மீ. அந்த ஆறு மில்லிமீட்டரும், அதனால் கூடுதலாகக் கிடைக்கும் 44 சிசி-யும்தான் இரண்டு வண்டிகளின் குணத்தையும் பிரிக்கின்றன. எம்டி-07 தன் முழு டார்க்கான (முறுக்குவிசை) 68 நியூட்டன் மீட்டரை 6,500 ஆர்பிஎம்-மிலேயே (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றுகள்) கொடுத்துவிடுகிறது. எஸ்வி அதன் 64 நியூட்டன் மீட்டரை 8,100 இல்தான் கொடுக்கிறது. கவனியுங்கள், அளவில் இருக்கும் நான்கு நியூட்டன் மீட்டர் பெரிய விஷயமில்லை. அது எந்த இடத்தில் வருகிறது என்பதில் 1,600 ஆர்பிஎம் வித்தியாசம் இருக்கிறதே, அதுதான் விஷயம்.

நகரத்தில் இது எப்படித் தெரியும்? சிக்னலிலிருந்து கிளம்பி, முன்னால் ஒரு பேருந்து, அதைத் தாண்ட ஒரு இடைவெளி கிடைக்கிறது. எம்டி-07 இல் நான்காவது கியரில் இருந்தாலும் கொஞ்சம் முறுக்கினால் போதும், வண்டி கிளம்பிவிடும். எஸ்வி-யும் கிளம்பும், அதைச் சோம்பேறி என்று சொல்லவே முடியாது. ஆனால் அதே வேகத்தில் தாண்ட வேண்டுமென்றால் ஒரு கியர் குறைக்கத் தோன்றும். தினம் 30 கிலோமீட்டர் நெரிசலில் ஓட்டுகிறவருக்கு அந்த ஒரு கியர் நாளுக்கு நூறு முறை வரும்.

மலைச்சாலையில் கதை மாறும். எஸ்வி-யை 6,000-க்கு மேல் கொண்டுபோய்ப் பாருங்கள். எம்டி-07 தன் வேலையை முடித்துக்கொண்டு அடுத்த கியரைக் கேட்கும் இடத்தில், எஸ்வி அப்போதுதான் மூச்சை இழுத்துவிட்டு ஓடத் தொடங்கும். ஒரு வளைவுக்கும் அடுத்த வளைவுக்கும் இடையில் கியர் மாற்றாமல் ஒரே கியரில் இழுத்துக்கொண்டு போகலாம். அண்ணன் தன் வண்டியை விடாமல் வைத்திருப்பதற்கு இதுதான் காரணம், அதை நான் முழுமனதோடு ஒத்துக்கொள்கிறேன். மேலே போகப் போக இனிமையாகும் இன்ஜின் அது.

அந்த இனிமைக்கு ஒரு இயந்திரக் காரணமும் உண்டு. 90 டிகிரி வி-ட்வினில், அதாவது எஸ்வி-யின் வி வடிவ இன்ஜினில், இரண்டு பிஸ்டன்களும் ஒரே கிராங்க் பின்னில் செங்கோணத்தில் வேலை செய்வதால், முதல்நிலை அதிர்வை கிராங்க்கில் இருக்கும் எதிர் எடையை வைத்தே சமன்செய்துவிட முடியும். அதிர்வை அடக்கச் சுழலும் தனி எடைத் தண்டு, அதாவது பேலன்சர் ஷாஃப்ட், தேவையில்லை. எம்டி-யில் இருப்பதுபோல சிலிண்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் 270 டிகிரி பேரலல் ட்வினில் அந்தச் சமநிலை தானாக வராது. பேலன்சர் ஷாஃப்ட் ஒன்றைச் சுழலவிட்டுத்தான் அதிர்வை அடக்குகிறார்கள். நன்றாகவே அடக்கியிருக்கிறார்கள், ஆனாலும் நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் இரண்டு மணி நேரம் ஓட்டும்போது எஸ்வி-யின் கைப்பிடி சற்று அமைதியாக இருப்பதை உணர்வீர்கள்.

அப்படியானால் வி-ட்வின் ஏன் குறைந்துகொண்டே வருகிறது என்று கேட்கலாம். ஓட்டுவதில் இருக்கும் குறையால் இல்லை. வி-ட்வினுக்கு இரண்டு சிலிண்டர் ஹெட், இரண்டு இடத்தில் கேம் ஷாஃப்ட், முன்னும் பின்னுமாக எக்ஸாஸ்ட் குழாய். செய்ய அதிகச் செலவு, இடமும் அதிகம். சுசுகியே 2023 இல் ஜிஎஸ்எக்ஸ்-8எஸ் கொண்டுவந்தபோது 776 சிசி-யில் 270 டிகிரி பேரலல் ட்வினுக்கு மாறிவிட்டது. எஸ்வி-யின் இன்ஜின் வம்சம் 1999 இலிருந்து வருகிறது. வி-ஸ்ட்ரோம் 650 இலும் இதே வம்சம்தான் பல ஆண்டுகள் உழைத்திருக்கிறது. எம்டி-07 இன் இன்ஜினும் 2014 முதல் எக்ஸ்எஸ்ஆர்700, ட்ரேசர் 700, டெனேரே 700, ஆர்7 என்று பல வண்டிகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. நம்பகத்தன்மையில் இரண்டுக்கும் நான் முழு மதிப்பெண் கொடுப்பேன், அந்தக் கவலையை விட்டுவிடுங்கள்.

அடுத்து எடை, வண்டியின் எடை. எம்டி-07 எரிபொருளோடு 182 கிலோ. எஸ்வி 197 கிலோ அளவில். நேர்ச்சாலையில் அந்த 15 கிலோ தெரியாது. வண்டி நிறுத்துமிடத்தில் பின்னோக்கித் தள்ளும்போது தெரியும், குறுகிய தெருவில் யூ-டர்ன் போடும்போது தெரியும், சரிவான இடத்தில் ஒரு காலை ஊன்றி நிற்கும்போது தெரியும். தினசரி ஓட்டத்தில் வண்டி கீழே விழுவது பெரும்பாலும் இந்த மாதிரி நடை வேகத்தில்தான். 400 சிசி-யிலிருந்து வருகிறவருக்கு இது அலட்சியம் செய்யக்கூடிய விஷயமில்லை.

இங்கே எஸ்வி-க்கு ஒரு நியாயம் சொல்ல வேண்டும். அதன் சீட் உயரம் 785 மி.மீ., எம்டி-07 இல் 805 மி.மீ. வி-ட்வின் என்பதால் வண்டியின் இடுப்பும் ஒல்லி, கால் நேராகக் கீழே இறங்கும். 168 சென்டிமீட்டர் உயரத்துக்கு எஸ்வி-யில் இரண்டு பாதங்களும் நன்றாக ஊன்றும், எம்டி-07 இல் குதிகால் லேசாகத் தூக்கியிருக்கலாம். எனவே எம்டி இலகு, எஸ்வி தாழ்வு. இரண்டில் எது உங்களுக்குத் தைரியம் தருகிறது என்பதை நீங்கள்தான் உட்கார்ந்து பார்த்துச் சொல்ல வேண்டும். நான் இலகுவின் பக்கம். கால் எட்டுவதற்கு ஓட்டிப் பழகப் பழக வழி கண்டுபிடித்துவிடுவோம், கனத்தைத் தினமும் தள்ளித்தான் ஆக வேண்டும்.

வீல்பேஸ் எம்டி-07 இல் 1,400 மி.மீ., எஸ்வி-யில் 1,445 மி.மீ. குட்டையான வண்டி சட்டென்று திரும்பும், நீளமானது வேகத்தில் நிதானமாக நிற்கும். உட்காரும் நிலையும் இதற்கு ஏற்றபடிதான் இருக்கிறது. எம்டி-யில் அகலமான ஹேண்டில்பார், நிமிர்ந்த முதுகு. எஸ்வி-யில் உடல் சற்று முன்னால் சாய்ந்து, கால்கள் கொஞ்சம் பின்னால் போகும். நகரத்தில் எம்டி-யின் நிலை சுகம். காற்றை எதிர்த்து வேகமாகப் போகும்போது எஸ்வி-யின் சாய்வு சுகம்.

இப்போது உங்கள் எடைக்கு வருகிறேன். இதைத்தான் நான் நிதானமாக எழுத நினைத்தேன்.

எம்டி-07 பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் சொல்லும் குறை, சஸ்பென்ஷன் ரொம்ப மிருது என்பது. பிரேக் பிடித்தால் முன்பக்கம் அமுங்குகிறது, வளைவில் மேடு பள்ளம் வந்தால் வண்டி துள்ளுகிறது என்பார்கள். உண்மைதான். யமஹாவும் இதை அறிந்துதான் 2018 மாடலில் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் கடினமாக்கி, பின் ஷாக்கில் ரீபவுண்ட் (அமுங்கிய ஸ்பிரிங் திரும்ப எழும் வேகம்) திருத்தும் வசதியும் கொடுத்தது. நீங்கள் பார்த்திருப்பது அந்த 2018 மாடல் என்பது நல்ல செய்தி. ஆனால் அந்தக் குறையைச் சொல்கிறவர் 60 கிலோவா 95 கிலோவா என்று கேட்டுப் பாருங்கள். ஸ்பிரிங் என்பது ஒரு குறிப்பிட்ட எடையை மனதில் வைத்துத் தேர்ந்தெடுக்கப்படுவது. 65 கிலோ ஆளுக்கு 2018 எம்டி-07 இன் ஸ்பிரிங் ஏறக்குறைய சரியாகவே இருக்கும். 90 கிலோ ஆளுக்கு அது நிச்சயம் போதாது. என் எடை 84. நான் வாங்கிய இரண்டாவது மாதமே முன் ஸ்பிரிங் இரண்டையும் மாற்றினேன். வண்டி வேறு வண்டியாகிவிட்டது.

உங்களுக்கு எப்படி என்று ஊகிக்க வேண்டியதில்லை, அளந்து பார்த்துவிடலாம். முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் பளபளப்பான குழாயில் ஒரு பிளாஸ்டிக் கேபிள் டையைக் கட்டி, கீழே இருக்கும் ரப்பர் சீல் வரை கீழே தள்ளி வையுங்கள். ஹெல்மெட், ஜாக்கெட் எல்லாம் போட்டுக்கொண்டு, வழக்கமாக உட்காருவதுபோல இரண்டு கால்களையும் ஃபுட்பெக்கில் வைத்து உட்காருங்கள். ஒருவர் வண்டியை நேராகப் பிடித்துக்கொள்ளட்டும். பிரேக்கைத் தொடாதீர்கள். பிறகு மெதுவாக இறங்கி, இருவர் சேர்ந்து முன் சக்கரம் தரையைவிட்டு எழும்பும் அளவுக்கு வண்டியைத் தூக்கிப் பிடியுங்கள். சீலுக்கும் கேபிள் டைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறதோ அதுதான் உங்கள் எடைக்கு ஃபோர்க் அமுங்கும் அளவு. இதைத்தான் சேக் என்கிறார்கள். எம்டி-07 இன் முன் ஃபோர்க் மொத்தம் 130 மி.மீ. அமுங்கக்கூடியது. அதில் 30 முதல் 40 மி.மீ. வரை சேக் இருந்தால் சாலைக்குச் சரி. 50 மி.மீ. தாண்டினால் ஸ்பிரிங் உங்களுக்குப் போதவில்லை என்று அர்த்தம். ஃபோர்க் ஏற்கெனவே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உட்கார்ந்துவிட்டது, பிரேக் பிடிக்கும்போது அமுங்க மீதி இடம் குறைவு.

இங்கே பலர் செய்யும் ஒரு தவறு. பின் ஷாக்கின் ப்ரீலோடை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் அளவை) முழுவதுமாக ஏற்றிவிட்டு, ஸ்பிரிங் கடினமாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வது. ப்ரீலோட் ஸ்பிரிங்கின் கடினத்தை மாற்றாது. வண்டி நிற்கும் உயரத்தைத்தான் மாற்றும். பின்பக்கம் உயர்ந்து, முன்பக்கம் இன்னும் தாழ்ந்து, வண்டி முன்னைவிடப் படபடப்பாகத் திரும்பும். எடைக்கேற்ற ஸ்பிரிங் போட்டு, ஃபோர்க் ஆயிலையும் மாற்றினால்தான் தீரும். முன்பக்கத்துக்கு இது ஒரு மெக்கானிக்குக்கு அரைநாள் வேலை, அதிகச் செலவும் இல்லை. பின் ஷாக்கை மாற்றுவதுதான் செலவு. அதை முன்பக்கம் முடித்து ஆறு மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டு யோசிக்கலாம்.

எஸ்வி-யின் சஸ்பென்ஷன் உயர்ந்த ரகமா என்றால் இல்லை. அதிலும் முன் ஃபோர்க்கில் திருத்த எதுவும் கிடையாது, அதுவும் கனமானவர்களுக்கு மிருதுதான். ஆனால் வண்டியின் நீளமும் எடையும் சேர்ந்து அந்தக் குறையை மூடி வைக்கின்றன. 80 கிலோவுக்கு மேற்பட்டவர், ஸ்பிரிங் மாற்றுவதெல்லாம் வேண்டாம், வாங்கினபடியே மலைச்சாலையில் நம்பி ஓட்ட வேண்டும் என்றால் எஸ்வி-தான் அவருக்கு நிம்மதி. பின்னால் இன்னொருவர் அடிக்கடி ஏறுவார் என்றாலும் அப்படியே. ஆகவே உங்கள் எடை 70-க்குள் என்றால் எம்டி-யை எடுத்து அப்படியே ஓட்டலாம். 70-க்கும் 80-க்கும் நடுவே என்றால் கேபிள் டை சொல்வதைக் கேளுங்கள். அதற்கு மேல் என்றால் ஸ்பிரிங் செலவையும் சேர்த்து எம்டி-யின் விலையைக் கணக்குப் போடுங்கள்.

மற்றதெல்லாம் சின்ன விஷயங்கள், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் டேங்க் இரண்டிலும் ஏறக்குறைய 14 லிட்டர். எரிபொருள் கணக்கிலும் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தான், நிதானமாக ஓட்டினால் லிட்டருக்கு 20-க்கு மேல் கிடைக்கும். அதை வைத்து முடிவெடுக்க ஒன்றுமில்லை. நீங்கள் பார்த்திருக்கும் இரண்டிலுமே டிராக்‌ஷன் கன்ட்ரோல் (பின் சக்கரம் வழுக்கினால் இன்ஜின் சக்தியைத் தானே குறைக்கும் வசதி) கிடையாது, ஈரச்சாலையில் உங்கள் வலது கைதான் அது. எம்டி-யில் மெதுவாகப் போகும்போது ஆக்சிலேட்டரை மூடித் திறந்தால் ஒரு சின்ன வெடுக்கு இருக்கும். கிளட்சை லேசாகப் பிடித்து ஓட்டப் பழகினால் சரியாகிவிடும். எஸ்வி-யில் கிளட்சை விடும்போது இன்ஜின் தானே கொஞ்சம் வேகம் ஏற்றிக்கொள்ளும் வசதி உண்டு. நெரிசலில் வண்டி ஆஃப் ஆகாமல் காப்பாற்றும் நல்ல வசதி அது.

டயரில் மட்டும் ஒரு எச்சரிக்கை. எஸ்வி-யின் பின் டயர் 160 அகலம், எம்டி-யினுடையது 180. பார்க்க அகலமாக இருக்க வேண்டுமென்று எஸ்வி-யில் 180 போட்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எஸ்வி-யின் ரிம் 4.5 அங்குலம்தான். அதில் 180-ஐத் திணித்தால் டயர் ஓரங்கள் உள்ளே இழுபட்டு வடிவமே கெட்டுவிடும், வளைவில் சாயும்போது சீராக இறங்காது. நீங்கள் பார்க்கப் போகும் வண்டியில் அப்படி இருந்தால், புது டயர் என்றாலும் அதற்கு மதிப்புக் கொடுக்காதீர்கள். 160 போதும், சொல்லப்போனால் அதுதான் எஸ்வி-யைச் சுறுசுறுப்பாகத் திருப்புகிறது.

இப்போது உங்கள் இரண்டு வண்டிகளும் ஓடியிருக்கும் 22,000 கிலோமீட்டர். இந்த எண் ஒன்றுக்குச் சாதகம், இன்னொன்றுக்குப் பாதகம். எஸ்வி-யில் வால்வ் இடைவெளியை 24,000 கிலோமீட்டரில் சோதிக்க வேண்டும். எம்டி-07 இல் அது 40,000-க்கு மேல்தான் வரும். அதாவது எஸ்வி-யை வாங்கிய இரண்டு மாதத்தில் அந்த வேலை உங்கள் தலையில் விழும். அதுவும் சிறிய வேலை இல்லை. ஹெட் இரண்டு, முன் சிலிண்டருக்கு ரேடியேட்டரை நகர்த்த வேண்டும், பின் சிலிண்டருக்கு டேங்க்கையும் ஏர்பாக்ஸையும் இறக்க வேண்டும். பயப்பட வேண்டாம், சோதித்தால் பெரும்பாலும் எதையும் மாற்ற வேண்டியிருக்காது. ஆனால் கூலி உண்டு. விற்பவரிடம் இதைச் சொல்லி விலையில் குறைக்கக் கேளுங்கள், நியாயமான கோரிக்கைதான்.

எஸ்வி-யில் இன்னொன்று. முன் சிலிண்டர் முன் சக்கரத்துக்கு நேர் பின்னால் இருப்பதால் மழையில் தண்ணீரும் மண்ணும் அங்கேதான் அடிக்கும். ஸ்பார்க் பிளக் குழியிலிருந்து தண்ணீர் வடிய ஒரு சிறு துளை உண்டு. அது அடைத்துக்கொண்டால் மழையில் வண்டி ஒரே சிலிண்டரில் தடுமாறும். பழைய எஸ்வி-க்களில் நன்கு தெரிந்த தொந்தரவு இது. முன் மட்கார்டுக்கு நீட்டிப்பு ஒன்றை ஒட்டினால் தீர்ந்தது. ரேடியேட்டரும் சுத்தமாக இருக்கும். எம்டி-யில் எக்ஸாஸ்ட் அடிப்பகுதி தாழ்வாக இருப்பதால் துருவும் அடிபட்ட தழும்பும் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.

இரண்டுக்கும் பொதுவாக: வண்டியைக் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்ய விடச் சொல்லுங்கள். நான் முதன்முதலில் வாங்கிய கைமாறிய வண்டியை, நான் போவதற்குள் விற்பவர் ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தார். எனக்கு அதன் அர்த்தம் அப்போது தெரியவில்லை. மறுநாள் காலை வீட்டில் ஸ்டார்ட் செய்தபோதுதான் கேம் செயின் கடகடவென்று அடித்தது. அன்றிலிருந்து போனவுடன் முதலில் இன்ஜினில் கைவைத்துப் பார்க்கிறேன், சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுகிறேன். அப்புறம், ஹேண்டில்பார் முனை, லிவர் முனை, ஃபுட்பெக் முனை, மூன்றிலும் உராய்வு ஒரே பக்கத்தில் இருந்தால் வண்டி அந்தப் பக்கம் விழுந்திருக்கிறது. நின்றபடி விழுந்ததா, ஓடும்போது விழுந்ததா என்பதை ஹேண்டில்பாரை இருபக்கமும் முழுதாகத் திருப்பி, அது முட்டி நிற்கும் இடத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். அங்கே உலோகம் நசுங்கியிருந்தால் அது பெரிய அடி, வேண்டாம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. ஆழம் எவ்வளவு இருந்தாலும் ஐந்தாறு ஆண்டு தாண்டிய டயரை நான் மாற்றிவிடுவேன்.

வண்டியின் பதிவுத் தாளில் சிசி எவ்வளவு என்றும் பாருங்கள். புதிதாக உரிமம் எடுத்தவர்களுக்காகச் சக்தி குறைத்து விற்ற வண்டிகள் உண்டு. ஆஸ்திரேலியாவில் எம்டி-07 ஐ 655 சிசி-யாகவே செய்து விற்றார்கள். சில நாடுகளில் ஆக்சிலேட்டர் முழுதாகத் திறக்காமல் தடுத்திருப்பார்கள். முதல் வகையை மாற்ற முடியாது, இரண்டாவதை மாற்றலாம். எது என்று தெரிந்து வாங்குங்கள்.

டெஸ்ட் ரைடுக்குப் போகும்போது இரண்டையும் ஒரே நாளில், ஒரே சாலையில் ஓட்டுங்கள். முதலில் எம்டி-யை நான்காவது கியரில் 50 கிலோமீட்டர் வேகத்தில் வைத்து, கியரைத் தொடாமல் முறுக்கிப் பாருங்கள். பிறகு எஸ்வி-யில் அதையே செய்யுங்கள். அதன்பின் எஸ்வி-யை இரண்டாவது கியரில் 6,000-லிருந்து 9,000 வரை ஒரே இழுப்பில் கொண்டுபோய், எம்டி-யில் அதையே செய்யுங்கள். முதல் சோதனையில் முகம் மலர்ந்தால் எம்டி, இரண்டாவதில் மலர்ந்தால் நான் மேலே சொன்னதையெல்லாம் மீறி எஸ்வி-யையே எடுங்கள். வால்வ் செலவு ஒருமுறை வருவது, இன்ஜின் தினமும் கூடவே வருவது.

கேபிள் டை அளவை எடுத்ததும் அதையும், ஜாக்கெட் ஹெல்மெட் உட்பட உங்கள் எடையையும், பின்னால் ஆள் ஏறுவாரா என்பதையும் எழுதுங்கள். எந்த ஸ்பிரிங் பொருந்தும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.